கொட்டு மண்ணில் ஒரு மூலை

கொத்தனார் சோலைமலை பாஸுக்கு வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது 'முடியாது' என்பதுதான். பொகவந்தலாவைக் கடைவீதியில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும், கோவில் மதில் சாய்ந்தாலும், பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டி கசிந்தாலும், வந்தவர் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அவர் சாந்துக் கரண்டியைத் தேட ஆரம்பித்திருப்பார். கலியாணப் பந்தலுக்குக் குழி தோண்டவும் அவர்தான், பாடைக்கு மூங்கில் வெட்டவும் அவர்தான்.

"ஊரு முச்சூடும் செவரு வச்சிட்டாரு. நம்ம வீட்டு அடுப்பு மேடைய மட்டும் அடுத்த தையில கட்டுறேங்கிறாரு. எந்தத் தைன்னு கேட்டாத்தான் சொல்ல மாட்டேங்கிறாரு" என்பாள் அவர் மனைவி அம்மாக்கண்ணு. சொல்லிவிட்டு, தரையில் குந்தி, மூன்று கல் அடுப்பை ஊதுவாள்.

பாஸ் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவர். லயத்துக் காம்பரா என்கிற ஒற்றை அறைக்கும் கதவு உண்டு. ஆனால் அது தோட்டத்துக் கதவு. வேலைக்குப் போகும் கை நின்றுவிட்டால் அந்தக் கதவு வெளிப்பக்கமாகத்தான் சாத்தப்படும். அவருடைய அப்பாவுக்கு அப்படிச் சாத்தப்பட்டதை அவர் பார்த்திருக்கிறார். ஆகவே தோட்டத்து ஆள் எவராவது கடைவீதிப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டால் போதும், பாஸ் கூப்பிடாமலே கயிறும் முளைக்குச்சியுமாகப் போய் நிற்பார். சொந்தக் கதவு வைத்த வீடு ஒன்று எழும்பினால் அவருக்கு ஒரு பிள்ளை பிறந்த மாதிரி. கூலியைப் பற்றிப் பிள்ளை பெற்றவர் பேசுவாரா? அவரும் பேசமாட்டார்.

அவராகவே கட்டிய பழமொழி ஒன்றும் இருந்தது: 'வெட்டு மண்ணுல வீடு, கொட்டு மண்ணுல கொல்லை.' மலைச்சரிவில் சமதளம் எங்கே இருக்கிறது? மேல் பாதியை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப் பாதியில் கொட்டித்தான் தரை உண்டாக்க வேண்டும். வெட்டின இடம் மலையின் சொந்த உடம்பு, அசையாது. கொட்டின இடமோ பொலபொலவென்று கிடக்கும். மழை வந்தால் உட்காரும். வீடு வெட்டின மண்ணிலேயே நிற்க வேண்டும், கொட்டின மண்ணில் கத்தரியும் பூசணியும் போட்டுக்கொள்ளலாம். இடுப்பில் கைவைத்துக்கொண்டு பாஸ் இதைச் சொல்லும் அழகை அவருடைய ஆட்கள் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவார்கள். அது அவருக்குத் தெரியும். கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

அந்தப் பழமொழியை உண்டாக்கியவரே அதை உடைத்தது வீரம்மா வீட்டில்.

வீரம்மா கொழுந்து பறித்தே முதுகு வளைந்து வேலையை விட்டவள். புருஷன் செத்த கையோடு காம்பராவைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு கடைவீதியில் இடியப்பம் அவித்து விற்று, மகன் நல்லமுத்துவைப் பேக்கரியில் சேர்த்து, பாதைக்குக் கீழே சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தாள். பாஸ் வெட்டு மண்ணில் அடங்குகிற மாதிரி அளந்து கயிறு கட்டினார். வாசல் பாதையைப் பார்த்திருந்தது.

வீரம்மா வந்து கயிற்றைப் பார்த்தாள். பிறகு திரும்பி, ஆற்றுக்கு அப்பால் எதிர்மலையில் வரிசையாகத் தெரிந்த தகரக் கூரைகளைப் பார்த்தாள். அவளை வெளியேற்றிய லயம் அது.

"பாஸ் தம்பி, வாசலு அந்தப் பக்கமா பாக்கணும்."

"ஏக்கா, ரோட்டுப் பக்கம் வச்சாத்தானே வசதி."

"வசதி கெடக்குது. அந்த லயத்துக்காரிக வெள்ளனா எந்திரிச்சிப் பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போறப்ப என் வாசல்ல வெளக்கு எரியிறதப் பாக்கணும். அது போதும் எனக்கு."

'முடியாதுக்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாஸும் ஒருமுறை திரும்பி அந்தத் தகரக் கூரைகளைப் பார்த்தார். முளைக்குச்சியைப் பிடுங்கினார், கயிற்றைக் கோணலாகத் திருப்பினார். வீடு எதிர்மலையைப் பார்த்தது. அதன் ஒரு மூலை மட்டும் கொட்டு மண்ணில் போய் உட்கார்ந்தது.

அதற்கும் வழி உண்டு. அந்த மூலையில் மட்டும் கெட்டி மண் தட்டுப்படும்வரை தோண்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் சும்மா போட்டு வைத்து, மண் தானாக உட்கார்ந்த பிறகு கட்ட வேண்டும். இரண்டையும் பாஸ் செய்யவில்லை. தையில் நல்லமுத்துவுக்குக் கலியாணம். மருமகள் புது வீட்டில்தான் காலெடுத்து வைக்க வேண்டும் என்றாள் வீரம்மா. சரி என்றார். பொங்கலுக்கு முன் மண்டபத்துக்குத் தரை போட்டுத் தர வேண்டும் என்று கோவில் கமிட்டியார் வந்து நின்றார்கள். அதற்கும் சரி என்றார். இரண்டு சரிகளுக்கும் நடுவே நசுங்கியது அந்த மூலைதான். மற்ற மூலைகளில் இடுப்பளவு ஆழம், அங்கே முழங்காலளவு. மேலே பெரிய கருங்கல்லாகப் பார்த்துப் போட்டு, நன்றாக இடித்து, "நிக்கும்" என்று கல்லிடம் சொன்னார். கல் மறுத்து ஒன்றும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

தையில் அக்கரப்பத்தனையிலிருந்து மருமகளாகக் காளியாயி வந்தாள். ஒல்லியாக, பேச்சுக் குறைவாக, பார்க்கிறதை நின்று பார்க்கிற பெண். வலது காலை வைத்து உள்ளே வந்தவளை மெச்சியதைவிட வீட்டை மெச்சியவர்கள்தான் அதிகம். பாஸுக்குப் பட்டுக்கரை வேட்டி கொடுத்து மாலையும் போட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஆனி மழை பிடித்தது. பொகவந்தலாவை மழை, வந்தால் விருந்தாளி மாதிரி வராது. கடன்காரன் மாதிரி வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். வெயில் முகம் கண்ட ஒரு காலையில் வீரம்மா ஆளனுப்பினாள். பாஸ் போனார். சன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாக இறங்கித் தரைவரைக்கும் ஒரு வெடிப்பு. தீக்குச்சி நுழையும். அது கொட்டு மண் மூலைப் பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இது ஏன் தம்பி இப்பிடி?" என்றாள் வீரம்மா.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. "புது வீடில்லியாக்கா… மழை வேற… ஈரம் காயணும்" என்றார்.

"மறைக்காதீங்க. நீங்க கட்டின வீடு எதாச்சும் வெடிச்சிருக்கா இதுவரைக்கும்? போன மாசம் கோழிக்குஞ்சு பூரா செத்துச்சு. அப்பறம் பேக்கரியில நல்லமுத்துக்குக் கை வெந்துச்சு. இப்ப செவரு. எனக்குத் தெரியும் எதுனாலன்னு."

அவள் சொல்லிக்கொண்டே பார்த்தது சுவரை அல்ல. சாந்து குழைக்கத் தண்ணீர் வாளியுடன் வந்து நின்ற காளியாயியின் பாதங்களை. காளியாயி வாளியைக் கீழே வைத்துவிட்டு, பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பான். இருந்தது நல்ல பெயர் மட்டும்தான். அது வெடிப்பைச் சாந்தால் அடைத்து, சுண்ணாம்பும் அடித்து, கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தது.

அடுத்த மழைக்கு வெடிப்பு திரும்ப வந்தது. இந்த முறை விரல் நுழைந்தது.

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன அம்மாக்கண்ணு குடத்தோடு ஒரு சேதியும் கொண்டுவந்தாள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டார் வந்து கூட்டிப்போவார்கள், ஆவணி பிறந்ததும் புருஷன் வீட்டார் போய் அழைத்து வருவார்கள். அது ஊர்வழக்கம். வீரம்மா பாதி வழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறாளாம்.

"அனுப்புறது அனுப்புறாங்களாம். கூப்பிடப் போக மாட்டாங்களாம். சண்டையுமில்ல, பஞ்சாயத்துமில்ல. ஆடிக்குப் போனவ போனவதான்" என்றவள், பாஸ் தட்டில் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்தாள். "ஏங்க, சோத்துல கல்லா?"

"அந்த மூலை கொட்டு மண்ணு" என்றார் பாஸ்.

அம்மாக்கண்ணு குடத்தை இறக்கி வைத்தாள். "தெரிஞ்சேவா கட்டுனீங்க?"

அவர் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"அப்ப போயிச் சொல்லுங்க. சொன்னா ஒங்க பேரு கொஞ்சம் கெடும். சொல்லாட்டி அந்தப் புள்ள பொழைப்பே கெடும்."

"நாளைக்குச் சொல்றேன்."

'சரி'க்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்த சொல் அது.

நாளைக்கு நாளைக்கு என்று ஆடியே வந்துவிட்டது. காளியாயியின் அப்பா செல்லசாமி வாழைப்பழமும் வெற்றிலையுமாக வந்து மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரிடமும் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டு சிரித்த முகமாக நடந்தார். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று பாஸும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனார். போனவர் செய்தது, காளியாயியின் தகரப் பெட்டியைத் தூக்கி பஸ் கூரையில் ஏற்றியதுதான். பெட்டி கனத்தது. கல் தூக்கிப் பிழைக்கிறவருக்குக் கனம் தெரியும். ஒரு மாதத்துக்குத் தாய்வீடு போகிற பெண் கொண்டுபோகிற கனம் இல்லை அது. அவளிடம் இருந்ததெல்லாம் அதற்குள் இருந்தது.

அவர் ஏணியிலிருந்து இறங்கியபோது அவள் கிட்டே வந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். நான் வர்றதுக்கு முந்தியே அந்தச் செவரு நல்லா இல்லியா? இல்ல, நான் வந்த பெறகுதானா?"

கண்டக்டர் விசில் ஊதினார். பாஸுக்கு அந்த விசில் தெய்வம் அனுப்பியதுபோல் இருந்தது.

"ஏறு தாயி, பஸ்ஸு போயிரப்போகுது" என்றார்.

அவள் அவரை நின்று பார்த்துவிட்டு ஏறினாள்.

அந்த ஆடி மாதம் முழுக்க பாஸ் பேய் பிடித்தவர் மாதிரி வேலை செய்தார். யாரும் கேட்காமலே பீலிக்குப் படி கட்டினார். பள்ளிவாசல் மதிலுக்கு மறுபூச்சுப் பூசினார். கடைசியில் ஒருநாள் செங்கல்லைக் கொண்டுவந்து இறக்கி, வீட்டில் அடுப்பு மேடையும் கட்டி முடித்தார். நல்ல மேடை, நின்றுகொண்டே சமைக்கலாம். அம்மாக்கண்ணு அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாவத்துக்குக் கட்டினதுல சமைச்சா சோறு வேகுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தரை அடுப்பிலேயே உலை வைத்தாள்.

ஆவணி பிறந்தது. வீரம்மா வீட்டிலிருந்து யாரும் அக்கரப்பத்தனைக்குப் புறப்படவில்லை. நல்லமுத்து வழக்கம்போல பேக்கரிக்குப் போனான், வந்தான். அம்மாவையும் எதிர்க்காமல் பெண்டாட்டியையும் மறக்காமல், மாவு படிந்த முகத்தோடு திரிந்தான்.

ஒரு காலையில், இடியப்பத் தட்டு ஆவி பறக்க உட்கார்ந்திருந்த வீரம்மாவின் எதிரில் போய் பாஸ் குந்தினார். ஒரே மூச்சில் சொன்னார். கயிற்றைத் திருப்பியது, மூலை கொட்டு மண்ணில் விழுந்தது, முழங்காலளவோடு நிறுத்தியது, தெரிந்தே வாய்மூடி இருந்தது. எல்லாம்.

வீரம்மாவின் கண் கலங்கியது. ஈரக்கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மனசு யாருக்கு வரும் தம்பி? எவளோ ஒருத்தி வீட்டுப் பொண்ணு வாழணும்னு ஒங்க தொழில்லயே குத்தம்னு சொல்றீங்களே. சாமி மனுசன் நீங்க."

"அக்கா, நெசமாத்தான் சொல்றேன்."

"சொல்லுவீங்க. நீங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழையிலையில் இடியப்பம் வைத்துக் கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. போகிற வழியில் கோவில் கமிட்டியார் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பாஸ் தலையைக் குனிந்துகொண்டு மஃறூப் நானாவின் இரும்புக்கடைக்குள் புகுந்தார். ஆணியும் சீமெந்தும் விற்கிற மஃறூப் நானா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வாங்கொ பாஸ். ஒங்கள மகான் கணக்கா அவுலியாவாக்கிட்டாங்க போலீக்கி. இன்னுங் கொஞ்சம் போனா ஒங்கட பேர்ல தர்காவுல கொடியேத்துவாங்க."

"அது நெசம் நானா. நான் சொன்னது அத்தனையும் நெசம்."

மஃறூப் நானா சிரிப்பை நிறுத்தினார். பிறகு எழுந்துபோய், மூலையில் சாத்தியிருந்த அலவாங்கு, கனத்த கடப்பாரை ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் போட்டார். மேசை அதிர்ந்தது.

"நல்ல பேர் எடுத்தவன் வாயால சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. மண்ணக் காட்டுங்கொ. மண்ணுக்குப் பேரில்ல."

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பாஸ் அலவாங்கோடு வீரம்மா வீட்டுக்குப் போனார். வழியில் ஏதோ புதுவேலை என்று நினைத்து நாலு பேர் கூடவே வந்தார்கள். நாலு பேர் போவதைப் பார்த்து நாற்பது பேர் வந்தார்கள். வெடித்த மூலையின் அருகே போய், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அத்திவாரத்துக்குப் பக்கத்தில் அலவாங்கை ஊன்றினார். ஓங்கிக் குத்தவே தேவையிருக்கவில்லை. பழுத்த பலாவுக்குள் கத்தி போகிற மாதிரி இரும்பு இறங்கியது. மண்ணைக் கிளறி வெளியே இழுத்தார். தேயிலை வேரும், சருகும், கிழிந்த சாக்கும் வந்தன. கல்லுக்கு அடியில் மழைத்தண்ணீர் குடைந்த பொந்து ஒன்று வாயைப் பிளந்திருந்தது.

"ஐயோ, வீட்ட இடிக்காதீங்க தம்பி" என்று வீரம்மா ஓடிவந்தாள்.

"இத நீங்க புடிங்கக்கா." அலவாங்கை அவள் கையில் கொடுத்தார். "சும்மா அழுத்துங்க."

அழுத்தினாள். கொழுந்து கிள்ளிய கை, அதற்கே இறங்கியது. பாஸ் அவளை அடுத்த மூலைக்கு, வெட்டு மண் பக்கம் கூட்டிப்போனார். "இங்க குத்துங்க." குத்தினாள். 'ணங்'கென்று இரும்பு திரும்பி வந்து அவள் தோளை உலுக்கியது.

வீரம்மா அலவாங்கைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். கூட்டம் மெல்லக் கரைந்தது. போகிறபோது சிவசாமி கங்காணி மட்டும் பாஸின் காதோரம் வந்து, "நாளைக்கு நீங்க கட்டின எங்க வீட்டுப் பக்கமும் ஒருக்கா வந்து குத்திக் காட்டிட்டுப் போங்க பாஸ்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்துப் பெயர், போகும்போது சத்தமே இல்லாமல்தான் போனது.

"அவகிட்ட எந்த மொகத்தோட போயி நிப்பேன்?" என்றாள் வீரம்மா.

"நீங்க வாணாம். நான்தான் போகணும்."

"நானும் வர்றேன்" என்றான் நல்லமுத்து. கலியாணத்துக்குப் பிறகு அவன் தானாகச் சொன்ன முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

அட்டனில் பஸ் மாறி, அக்கரப்பத்தனையில் இறங்கி, தேயிலைக்குள் ஏறிப் போனார்கள். காளியாயி மறுபடியும் கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கூடையும் தலைக்கயிறுமாக மலையிறங்கி வந்தவள் இருவரையும் கண்டு நின்றாள். கூடையை இறக்கவில்லை. லயத்து வாசலில் செல்லசாமி பலகை எடுத்துப் போட்டார். பாஸ் உட்காராமல் சொன்னார். இரண்டாம் முறை சொல்லும்போது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் காளியாயி.

"கட்டறப்பவே."

"அப்ப பஸ்ஸுகிட்ட நான் கேட்டப்ப?"

"அப்பவும் தெரியும் தாயி."

அவள் தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் பாஸ் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

"சரி சரி, யாரு குத்தம்னு தெரிஞ்சிருச்சில்ல. பொட்டிய எடு தாயி" என்றார் செல்லசாமி அவசரமாக.

காளியாயி நல்லமுத்துவைப் பார்த்தாள். "செவருமேல குத்தம்னு தெரிஞ்சதால கூப்பிட வந்திருக்கீங்க. செவரு நல்லா இருந்திருந்தா?"

நல்லமுத்து தரையைப் பார்த்தான். "நான் பேசியிருக்கணும்" என்றான்.

"ஆமா, பேசியிருக்கணும்." அப்போதுதான் அவள் கூடையை இறக்கினாள். "வர்றேன். ஆனா அந்த வீட்டுக்குள்ள வர மாட்டேன். அந்த மூலையப் பிரிச்சுத் திரும்பக் கட்டட்டும். ஒவ்வொண்ணையும் நான் நின்னு பாக்கணும். அதுவரைக்கும் பாஸ் மாமா வீட்டுல இருக்கேன். அம்மாக்கண்ணு அத்தைக்கு ஒத்தாசையா இருக்கும்."

'முடியாது' என்று சொல்ல முடியாதவர் இந்தத் தடவையும் சொல்லவில்லை.

அம்மாக்கண்ணு அவளுக்குப் பாய் விரித்தாள். மறுநாள் காலை, கட்டி வைத்துக் காய்ந்துகொண்டிருந்த அடுப்பு மேடையில் முதல் தடவையாக உலை வைத்தாள். பாஸ் அதைப் பார்த்தும் பார்க்காததுமாக வெளியேறினார்.

மூலைக்கு முட்டுக்கொடுத்து, சுவரை மேலிருந்து கல் கல்லாகப் பிரித்து, அத்திவாரத்தைக் கெல்லி எடுத்தார். காளியாயி நாள்தோறும் வந்து குழியோரம் நின்றாள். பாஸ் எத்தனையோ பேர் பார்க்க வேலை செய்தவர். எல்லாம் மெச்ச வந்த கண்கள். இந்தக் கண்களுக்கு முன்னால் மண்வெட்டி பிடிக்கும் விதமே மறந்துபோனதுபோல் இருந்தது. வேடிக்கையாக ஏதாவது சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. நியாயந்தான் என்று பட்டது. பேசாமல் தோண்டினார்.

வீரம்மா தேத்தண்ணியோடு வந்தாள். குழிக்குள் பாஸ், மேட்டில் மருமகள்; கையில் ஒரே கோப்பை. யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மருமகளிடம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. காளியாயி வாங்கிக்கொண்டாள். வாங்கியதற்கு மேல் ஒன்றும் இல்லை; ஆனால் வீரம்மா வீட்டுக்குள் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இடுப்பளவு தாண்டியதும் அலவாங்கு 'ணங்'கென்றது. கெட்டி மண். மலையின் சொந்த உடம்பு. நாலு பக்கமும் குத்திப் பார்த்தார், நாலு பக்கமும் அதே சத்தம். இதற்கு மேல் ஒரு கோட்டையே கட்டலாம். பாஸ் நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"கல்லு வைக்கலாமா தாயி?"

காளியாயி குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

"இன்னுங் கொஞ்சம் தோண்டுங்க மாமா" என்றாள்.

தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டுக் குனிந்து தோண்டினார்.